சொல்லுக்கு உரியவர் யார்?

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

மெய்யியல் மாணவர்களோடு இதழியல் துறை மாணவர்களும் வந்திருக்கிறீர்கள். இரு துறையாரும் ஒரே அறையில் உட்கார்ந்து பேச வேண்டிய பொருள் இது என்பதால் எனக்கு மகிழ்ச்சி.

மணிமேகலைக் காப்பியத்திலிருந்து தொடங்குகிறேன். இருபத்தேழாம் காதையில் மணிமேகலை வஞ்சி நகருக்குப் போய், மாற்றுருவில், ஒவ்வொரு சமயக் கணக்கரிடமும் அவரவர் கொள்கையைக் கேட்கிறாள். முதலில் பேசுபவர் அளவைவாதி. ஒன்றை அறிந்துகொள்வதற்கு எத்தனை வழிகள், அதாவது அளவைகள், உண்டு என்றால், பத்து என்கிறார். காண்டல், கருதல், உவமம், ஆகமம் என்று நாம் எதிர்பார்த்தபடியே பட்டியல் போகிறது. நடுவில் ஐதிகம் என்று ஒன்று வருகிறது. அதற்கு அவர் தரும் எடுத்துக்காட்டு, இந்த மரத்தில் ஒரு பேய் குடியிருக்கிறது என்று உலகம் சொல்வதைக் கேட்டுத் தெளிவது.

அளவை நூல் பேசும் ஒருவர் பேய்க்கதையை அறிவின் வழிகளில் ஒன்றாக வைக்கிறாரே என்று வகுப்பில் மாணவர்கள் சிரிப்பார்கள். அவர் அதை ஏன் தனியே பிரித்தார் என்று கேட்டுப் பார்த்தால் சிரிப்பு அடங்கிவிடும். ஆகமத்துக்குச் சொன்னவர் உண்டு. மரத்துப் பேய்க்குச் சொன்னவர் இல்லை. ஊர் சொல்கிறது, அவ்வளவுதான். நியாய சூத்திரத்துக்கு உரை எழுதிய வாத்ஸ்யாயனர் ஐதிகத்துக்குச் சொல்லும் இலக்கணமும் இதுவே: முதலில் சொன்னவர் இன்னார் என்று சுட்டப்படாமல் வழிவழியாக வந்துகொண்டிருக்கும் பேச்சு. கைப்பேசியில் வந்து விழும் ஃபார்வர்டுக்கு இதைவிடச் சரியான இலக்கணத்தை நான் எந்த நவீன நூலிலும் கண்டதில்லை. ஆயிரத்தைந்நூறு ஆண்டு பழைய இந்தக் கேள்வியைத்தான் இன்று எடுத்துக்கொள்கிறேன். சொன்னவர் இல்லாத சொல் நம்மிடம் வரும்போது அதற்கு யார் பொறுப்பு?

2018ஆம் ஆண்டு மே 9. திருவண்ணாமலை மாவட்டம் போளூரை அடுத்த அத்திமூர். குலதெய்வக் கோயிலுக்குப் போவதற்காகச் சென்னையிலிருந்து ஒரு குடும்பம் காரில் வந்தது. வழி கேட்க வண்டியை நிறுத்தினார்கள். அறுபது வயதைக் கடந்த ஓர் அம்மா அங்கிருந்த குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார். பிள்ளை பிடிப்பவர்கள் என்று கூட்டம் கூடிவிட்டது. அந்த அம்மாவை அடித்தே கொன்றார்கள். உடன் வந்தவர்கள் படுகாயத்தோடு தப்பினார்கள். அதற்கு முந்தைய வாரங்களில் வட மாவட்டங்களின் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரே பேச்சு. வடநாட்டிலிருந்து கும்பல் இறங்கியிருக்கிறது, பிள்ளைகளைத் தூக்குகிறார்கள், உறுப்புகளை எடுத்து விற்கிறார்கள் என்று. இறந்துபோனவர் வடநாட்டவர் அல்லர், தமிழ் பேசியவர். அவரோடு இரண்டு வார்த்தை பேசியிருந்தால் தெரிந்திருக்கும். அதே நாட்களில் பழவேற்காட்டில் ஒருவர் அடித்துக் கொல்லப்பட்டார்.

அளவைவாதி அறிவின் வழிகளைச் சொன்னதோடு நிற்கவில்லை. அறிவைப் போலவே தோன்றும் குற்றங்கள் எட்டையும் எண்ணிச் சொல்கிறார். அதில் ஒன்று தேராது தெளிதல். வெட்டவெளியில் நிற்கும் கம்பத்தை ஆராயாமல் ஆள் என்று முடிவுகட்டுவது அதற்கு உதாரணம். இதற்கும் ஐயத்துக்கும் அவர் வேறுபாடு காட்டுகிறார். கம்பமோ ஆளோ என்று தடுமாறுகிறவர் இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறார். தேராமல் தெளிந்தவர் பார்ப்பதை நிறுத்திவிட்டார். அத்திமூரில் நின்றது உயிருள்ள மனிதர். கூட்டம் கண்டது பல வாரங்களாகக் கைப்பேசியில் கேட்ட ஒரு கதையை.

இந்த இடத்தில் படித்தவர்கள் ஒரு முடிவுக்கு எளிதாக வந்துவிடுகிறார்கள். அறியாத ஜனங்கள், கிராமத்து மூடநம்பிக்கை, வேறென்ன என்கிறார்கள். எனக்கு அது ஏற்புடையதாக இல்லை. அந்தச் செய்திகளை அனுப்பியவர்களில் ஆசிரியர்கள் இருந்திருப்பார்கள், வங்கி ஊழியர்கள் இருந்திருப்பார்கள். அவர்கள் எல்லாரும் செய்தியோடு சேர்த்து எழுதும் ஒரு வரியை நாம் அனைவரும் படித்திருக்கிறோம். "உண்மையா தெரியல, எதுக்கும் ஜாக்கிரதையா இருங்க." என் பேச்சின் பெரும்பகுதி இந்த வரியைப் பற்றியது. மெய்யியல் இதைப் போதுமான அளவு கவனிக்கவில்லை என்பது என் குறை.

பொய்யைப் பற்றிய மெய்யியல் பெரும்பாலும் கூற்றை வைத்தே பேசுகிறது. ஒருவர் ஒன்றை மெய்யென்று கூறுகிறார். அது மெய்யா பொய்யா, அவர் தெரிந்து சொன்னாரா தெரியாமல் சொன்னாரா என்று விசாரிக்கிறோம். அமெரிக்க மெய்யியலாளர் ஹாரி ஃபிராங்ஃபர்ட் 1986இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில் மூன்றாவது வகை ஒன்றைக் காட்டினார். மெய் பொய் எதைப் பற்றியும் அக்கறையே இல்லாமல், கேட்பவரை மயக்குவதற்காக மட்டும் பேசுவது. பொய்யருக்காவது உண்மை எங்கிருக்கிறது என்ற நினைவு உண்டு, இவருக்கு அதுவும் இல்லை என்பார் அவர். வதந்தியை உருவாக்குபவர்களுக்கு அந்த விளக்கம் பொருந்தும். அனுப்புபவருக்குப் பொருந்தாது. அவருக்கு அக்கறை நிரம்ப இருக்கிறது. பக்கத்து வீட்டுக் குழந்தை மேல், தங்கை பிள்ளைகள் மேல் உள்ள அக்கறையால்தான் அனுப்புகிறார். அவர் செய்வது எச்சரிக்கை. எச்சரிக்கையோ உண்மையா என்ற கேள்விக்குப் பிடி கொடுக்காமல் நழுவிவிடும். "நீங்கள் அனுப்பியது பொய்யாமே" என்று கேட்டால், "உண்மை என்று நான் சொல்லவே இல்லையே, கவனமாக இருங்கள் என்றுதானே சொன்னேன்" என்பார். அவர் சொல்வதில் பிழை கண்டுபிடிக்க முடியாது.

அவர் மனத்துக்குள் ஓடும் கணக்கை எழுதிப் பாருங்கள். செய்தி மெய்யாக இருந்து, நான் அனுப்பாமல் விட்டால், ஒரு குழந்தை போய்விடும். செய்தி பொய்யாக இருந்து, நான் அனுப்பிவிட்டால், என்ன போய்விடும்? பிள்ளைகளை இரண்டு நாள் வீட்டுக்குள் வைத்திருப்பார்கள். இந்தக் கணக்கின்படி அனுப்புவதே அறிவுடைமை, சரிபார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது பொறுப்பின்மை. கணக்கில் கூட்டல் பிழை இல்லை. ஒருவர் மட்டும் விடுபட்டிருக்கிறார். நாளை அந்த ஊருக்கு வந்து வழி கேட்கப் போகும் அந்நியர். பொய்யான எச்சரிக்கையின் விலையை எச்சரித்தவரும் கொடுப்பதில்லை, எச்சரிக்கப்பட்டவரும் கொடுப்பதில்லை. முழுவதையும் அந்த மூன்றாம் மனிதர் கொடுக்கிறார். அவர் அந்தக் குழுவில் உறுப்பினர் இல்லை. அவர் பக்கத்து நியாயத்தைச் சொல்ல அங்கே ஒருவரும் இல்லை.

அதே 2018ஆம் ஆண்டு ஜூலை 1 அன்று மகாராஷ்டிரத்தின் துலே மாவட்டம் ரைன்பாடாவில் ஐந்து பேர் இப்படிக் கொல்லப்பட்டார்கள். ஊர் ஊராகப் போய்ப் பிழைக்கும் நாடோடிச் சமூகத்தவர்கள். அசாமின் கார்பி ஆங்லாங்கில் ஜூன் மாதம் கொல்லப்பட்டவர்கள் குவாஹாட்டியிலிருந்து சுற்றிப் பார்க்கப் போன இரண்டு இளைஞர்கள். பட்டியல் நீளும், பெரும்பாலும் விலை கொடுத்தவர் வழிப்போக்கராகவோ வேற்றூராராகவோ பிச்சை கேட்டு வந்தவராகவோ இருந்தார்.

அந்நாட்களில் இந்தியாவின் பல மாநிலங்களில் சுற்றிய ஒரு காணொளி உண்டு. தெருவில் பிள்ளைகள் விளையாடிக்கொண்டிருக்கிறார்கள். மோட்டார் சைக்கிளில் இருவர் வருகிறார்கள். பின்னால் இருப்பவர் ஒரு பையனைத் தூக்கிக்கொள்ள, வண்டி பறக்கிறது. பார்த்த எவருக்கும் நெஞ்சு பதறும். படம் ஏமாற்றுவதற்காக இட்டுக்கட்டியதன்று. பாகிஸ்தானின் கராச்சியில், காணாமற்போகும் குழந்தைகளுக்காகப் பணியாற்றும் ஓர் அமைப்புக்காக எடுத்த விழிப்புணர்வுப் படம் அது. மூலத்தில் அந்த வண்டி திரும்பி வருகிறது, பையனை இறக்கிவிடுகிறார்கள், கராச்சித் தெருவில் ஒரு குழந்தையைக் கடத்த ஒரு கணம் போதும் என்று எழுதிய அட்டையைக் காட்டுகிறார்கள். இந்தியாவில் சுற்றிய படத்தில் அந்தக் கடைசிப் பகுதி வெட்டப்பட்டிருந்தது.

அளவைவாதியின் எட்டுக் குற்றங்களில் திரியக் கோடல் என்று ஒன்று உண்டு. பளபளக்கும் சிப்பியை வெள்ளி என்று கொள்வது. இதைப் படிக்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும்: சிப்பி அங்கே உண்மையிலேயே இருக்கிறது, அதன் பளபளப்பும் உண்மை. செயற்கை நுண்ணறிவு இல்லாத முகங்களைப் படைக்கிறது, இல்லாத குரல்களைப் பேசவைக்கிறது என்று இன்று அஞ்சுகிறோம். அஞ்ச வேண்டியதுதான். ஆனால் நம்மிடையே சுற்றும் பொய்களில் பெரும்பங்கு இன்னமும் கராச்சிப் படம் போன்றதே: உண்மையான படம், வேறு நாள், வேறு ஊர், வேறு நோக்கம். படத்தைப் பார்க்கிறோம் என்பதால் காண்டல் என்று நினைத்துக்கொள்கிறோம். திரையில் தெரிவது என்ன, எங்கே, எப்போது என்பதை யாரோ சொல்லித்தான் அறிகிறோம். கண்ணால் கண்டேன் என்று உறுதியாகச் சொல்கிறவர் காதால் கேட்டதையே சொல்லிக்கொண்டிருக்கிறார். அந்தக் கத்தரிக்கோல் வெட்டியது படத்தை எடுத்தவர்கள் தாங்களே முன்வந்து, இது நாங்கள் நடித்துக் காட்டியது, இதற்காகக் காட்டினோம் என்று சொன்ன பகுதியை. சொல்லுக்கு உரியவரை அகற்றிவிட்டார்கள். மிச்சமிருந்தது ஐதிகம்.

இனி, கேட்டு அறிவது எப்போது அறிவாகும் என்ற கேள்வி. நியாய சூத்திரம் சுருக்கமாக விடை சொல்கிறது: ஆப்தர் சொன்னால். ஆப்தர் யார் என்பதை வாத்ஸ்யாயனர் விளக்குகிறார். சொல்லும் பொருளைத் தானே நேராக அறிந்தவர். அறிந்ததை அறிந்தபடியே பிறருக்குச் சொல்ல வேண்டும் என்ற விருப்பத்தோடு பேசுபவர். கூடவே அவர் சொல்லும் ஒன்று எனக்கு மிகவும் பிடித்தது. இந்த இலக்கணம் ரிஷிக்கும் ஆரியருக்கும் மிலேச்சருக்கும் பொது என்கிறார். குலம், கல்வி, பதவி எதுவும் ஒருவரை ஆப்தர் ஆக்குவதில்லை. கடல் இன்று எப்படி இருக்கிறது என்பதற்கு ஆப்தர் காலையில் கரை திரும்பிய மீனவர். அந்தக் கேள்விக்கு நான் ஆப்தன் அல்லேன், எத்தனை பட்டம் வாங்கியிருந்தாலும்.

ஆப்தரிடம் இரண்டு இருக்க வேண்டும் என்றாகிறது: நேரறிவும் நல்லெண்ணமும். இரண்டும் ஒரே ஆளிடம் சேர்ந்திருந்த காலத்தில் நாம் நம்பக் கற்றுக்கொண்டோம். அண்ணன் சொன்னால் நம்பலாம், ஏனென்றால் அண்ணன் போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்வான், நம்மை ஏமாற்றவும் மாட்டான். குடும்பக் குழுவில் வரும் ஃபார்வர்டில் இந்த இரண்டும் பிரிந்துவிட்டன. அனுப்பிய அண்ணனிடம் நல்லெண்ணம் முழுமையாக இருக்கிறது, நேரறிவு துளியும் இல்லை. நேரறிவு இருந்தவர், அப்படி ஒருவர் இருந்தால், சங்கிலியின் மறுகோடியில் முகம் தெரியாமல் இருக்கிறார். நம் மனமோ அண்ணன் மேல் வைத்த நம்பிக்கையைச் செய்தியின் மேல் ஏற்றிவிடுகிறது. மெய்யியலாளர் ரெஜினா ரீனி 2017இல் எழுதிய கட்டுரையில், சமூக ஊடகத்தில் பகிர்வது சான்று சொல்வதுதானா என்பது தெளிவாகாமலே கிடக்கிறது என்று எடுத்துக்காட்டினார். பகிர்ந்தவர் நம்பவும் செய்கிறார். தவறென்று தெரிந்தால் நான் பகிர்ந்தேன், அவ்வளவே என்று விலகவும் செய்கிறார். வாத்ஸ்யாயனரின் இலக்கணத்தைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தால் அந்தக் குழப்பம் எங்கே பிறக்கிறது என்று விளங்கும்.

இங்கே உங்களில் பலருக்கு ஒரு மறுப்புத் தோன்றியிருக்கும். சொன்னவர் யாரென்று பாராமல் சொன்னதன் மெய்யைப் பார் என்று வள்ளுவர் அறிவுடைமையில் சொல்லவில்லையா, நீங்கள் சொன்னவரையே தேடிக்கொண்டிருக்கிறீர்களே என்று. நல்ல மறுப்பு. சொன்னதன் மெய்யை நாமே அணுக முடிகிற இடத்தில் வள்ளுவர் சொன்னதே சரி. பெரியவர் சொன்னார் என்பதற்காக ஏற்காதே, எளியவர் சொன்னார் என்பதற்காகத் தள்ளாதே. ஆனால் நாம் அறிந்தவற்றில் நாமே அணுகிப் பார்த்தவை எத்தனை? நான் பிறந்த தேதி எனக்குப் பிறர் சொல்லித் தெரியும். அளவைவாதி தம் எட்டுக் குற்றங்களின் கடைசியில், இவர் உன் தாய், இவர் உன் தந்தை என்று பிறர் சொல்லக் கேட்டுக் காரணமின்றி அப்படியே கருதிக்கொள்வதையும் சேர்த்துவிடுகிறார். அந்த அளவுகோலை வைத்தால் இந்த அறையில் ஒருவருக்கும் பெற்றோர் இல்லை.

இந்த விவாதம் நம்மிடம் மிகப் பழையது. காஞ்சியில் மணிமேகலைக்குத் தருமம் சொல்லும் அறவண அடிகள் அளவை இரண்டே என்கிறார்: காண்டல், கருதல். பிறர் சொல்லைத் தனி வழியாக அவர் ஏற்பதில்லை. சொன்னவரின் நம்பகத்தை நாம் கருதி அறிந்து, அதன் வழியே சொல்லை ஏற்கிறோம் என்பது பௌத்தரின் நிலை. பின்னால் வந்த சிவஞான சித்தியார் எல்லா அளவைகளையும் மூன்றில் அடக்கியபோது உரைக்குத் தனி இடம் கொடுத்தது. ஐரோப்பாவில் இதே பிளவு பதினெட்டாம் நூற்றாண்டில் ஸ்காட்லாந்தில் தோன்றியது. டேவிட் ஹியூம் 1748இல், பிறர் சான்றை நாம் நம்புவது அனுபவத்தின் பேரில், எந்த அளவுக்கு அது முன்பு சரியாக இருந்ததோ அந்த அளவுக்கே என்று எழுதினார். தாமஸ் ரீட் 1764இல் மறுத்தார். குழந்தை சோதித்துப் பார்த்து நம்பத் தொடங்குவதில்லை, நம்பித்தான் மொழியையே கற்கிறது. நம்புவது நம் இயல்பு, ஐயம் பின்னால் கற்பது என்றார். இந்த ஒன்றில் நான் ரீடின் பக்கம். அறவண அடிகள் மேல் எனக்குள்ள மதிப்பு குறையவில்லை. ஆனால் அவர் வழியில் போனால், ஒவ்வொரு சொல்லையும் எடைபோட்ட பிறகே ஏற்க வேண்டிய ஓர் உலகத்தில் நாம் தனித்தனியாக நிற்க வேண்டியிருக்கும்.

"எதையும் சரிபார்த்த பிறகே நம்புங்கள்" என்று இன்று அரசும் நிறுவனங்களும் பள்ளிகளும் சொல்லும் அறிவுரை அப்படிப்பட்ட உலகத்தைத்தான் கேட்கிறது. பன்னிரண்டு மணி நேரம் மில்லில் நின்றுவிட்டு வந்து, சோறு வடித்துக்கொண்டே கைப்பேசியைப் பார்க்கும் ஒரு பெண்ணிடம், படத்தின் மூலத்தைத் தேடு, தேதியைப் பார், இரண்டு நாளிதழ்களோடு ஒப்பிடு என்று சொல்கிறோம். அது நடக்காது. நடந்தாலும் அதில் ஒரு நஞ்சு இருக்கிறது. எல்லாவற்றையும் ஐயுறக் கற்றவர் உண்மையையும் ஐயுறுவார். எதையுமே நம்ப முடியாது என்று ஒருவர் கைவிரிக்கும் நிலை வதந்தி வியாபாரிக்கு மிகவும் வசதியானது.

அப்படியானால் பொறுப்பை எங்கே வைப்பது? டபிள்யூ. கே. கிளிஃபர்ட் 1877இல் எழுதிய 'நம்பிக்கையின் அறம்' என்ற கட்டுரையில் ஒரு கப்பல் முதலாளி வருகிறார். கப்பல் பழுது என்ற ஐயத்தை மனத்துக்குள் அமுக்கி, நல்ல கப்பல்தான் என்று தன்னையே நம்பவைத்து, குடியேறிகளை ஏற்றி அனுப்புகிறார். கப்பல் மூழ்குகிறது. அவர் நம்பியது மனப்பூர்வமாகத்தான், ஆனால் அப்படி நம்ப அவருக்கு உரிமை இல்லை என்கிறார் கிளிஃபர்ட். தலைமுறைகளாக இதைப் படிப்பவர்கள் நம்பியதன் குற்றத்தையே விவாதிக்கிறார்கள். என் கண்ணில் படுவது வேறு. அவர் கப்பலை அனுப்பினார். வீட்டில் உட்கார்ந்து எதை வேண்டுமானாலும் நம்பிக்கொண்டிருந்திருக்கலாம்; பயணச்சீட்டு விற்று, நங்கூரத்தை எடுக்கச் சொன்ன கணத்தில்தான் பிறர் உயிர் அவர் கையில் வந்தது. நம்புவது பாதி நம் கட்டுப்பாட்டில் இல்லை. பயம் வருகிறது, படம் மனத்தில் பதிகிறது, திரும்பத் திரும்பக் கேட்டது மெய்போலத் தோன்றுகிறது. இந்தக் கடைசி விளைவை உளவியலாளர்கள் 1977லேயே சோதனையில் காட்டியிருக்கிறார்கள். ஆனால் அனுப்புவது செயல். விரல் அசைந்தால்தான் நடக்கிறது. அறத்தின் கேள்வியை அங்கே வைக்க வேண்டும் என்பதே நான் சொல்ல வந்தது.

அனுப்புகிறவரின் பொறுப்புக்கு ஒரு பழைய உவமை உண்டு. புரோநோட்டை ஒருவர் இன்னொருவருக்கு மாற்றிக் கொடுக்கும்போது பின்புறம் கையெழுத்துப் போடுகிறார். எழுதிக்கொடுத்தவர் பணம் தராவிட்டால் பின்னால் கையெழுத்திட்டவர்களும் பொறுப்பு என்பது 1881ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே உண்டு. நோட்டை நான் எழுதவில்லை, வந்ததைக் கொடுத்தேன் என்று அவர் தப்ப முடியாது. அதனால்தான் முன்பின் தெரியாதவர் கையிலிருந்து வந்த நோட்டைக் கூடச் சந்தையில் வாங்கினார்கள். கொடுத்தவர் கையெழுத்து அதில் இருந்தது. நம் குழுக்களில் இதற்கு நேர்மாறான மரபு ஒன்று வளர்ந்திருக்கிறது. "வந்ததை அப்படியே அனுப்பியுள்ளேன்" என்று கீழே ஒரு வரி சேர்த்துவிட்டால் பொறுப்பு முடிந்தது என்று நினைக்கிறோம். வந்ததை அப்படியே அனுப்பும் உரிமை நமக்கு எப்படி வந்தது என்று யாரும் கேட்பதில்லை.

செயலியை வடிவமைத்த நிறுவனங்களுக்கு இதில் பெரும் பங்கு உண்டு. வேறு ஒருவர் எழுதியதை என் பெயரில், என் படத்தோடு, என் தங்கையின் திரையில் தோன்றச் செய்தது அவர்கள் எடுத்த முடிவு. 2018 ஜூலையில், அத்தனை சாவுகளுக்குப் பிறகு, 'ஃபார்வர்டட்' என்ற குறியை வாட்ஸ்அப் சேர்த்தது. இந்தியாவில் ஒரே நேரத்தில் 5 பேருக்கு அல்லது குழுக்களுக்கு மேல் அனுப்ப முடியாது என்றும் வைத்தது. 2019 ஜனவரியில் அந்த வரம்பு உலகம் முழுதும் வந்தது. 2020 ஏப்ரலில், பலமுறை கைமாறிய செய்தியை ஒரு நேரத்தில் ஒருவருக்கே அனுப்பலாம் என்றாக்கினார்கள்; அதன்பின் அவ்வகைச் செய்திகளின் ஓட்டம் எழுபது விழுக்காடு குறைந்தது என்று நிறுவனமே சொன்னது. ஒரு விரல் அசைவுக்குக் கொஞ்சம் தடை வைத்ததால் மட்டும் இவ்வளவு. ஆனாலும் விரல் நம்முடையது. அத்திமூருக்கு இரண்டு மாதம் முன்பு, 2018 மார்ச்சில், எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் மூவர் 'சயின்ஸ்' இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். 2006 முதல் 2017 வரை ட்விட்டரில் 30 லட்சம் பேர் பகிர்ந்த ஏறத்தாழ 1,26,000 செய்திகள். பொய் மறுபகிர்வு பெறும் வாய்ப்பு மெய்யைவிட 70 விழுக்காடு அதிகம். தானியங்கிக் கணக்குகளைக் கழித்துப் பார்த்தபோதும் அந்த வேறுபாடு குறையவில்லை. பரப்பியது மனிதர்களே.

அப்படியானால் அரசு தலையிடலாமே என்பார்கள். 2021ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்ப விதிகள், ஒரு செய்தியை முதலில் எழுதியவர் யாரென்று கண்டறிந்து சொல்லும் வசதியை நிறுவனங்கள் வைத்திருக்க வேண்டும் என்கின்றன. வாட்ஸ்அப் அதை எதிர்த்து டெல்லி உயர் நீதிமன்றம் போனது. சொல்லுக்கு உரியவர் வேண்டும் என்று இவ்வளவு நேரம் பேசிய நான் அந்த விதியை ஆதரிப்பேன் என்று எதிர்பார்ப்பீர்கள். ஆதரிக்கவில்லை. நான் கேட்கும் பொறுப்பு அனுப்புகிறவருக்கும் பெறுகிறவருக்கும் இடையிலானது. ஒவ்வொரு கிசுகிசுப்பின் தொடக்கத்தையும் அரசு அறியக்கூடிய நாட்டில், மணல் கொள்ளையைப் பற்றி அண்டை வீட்டாருக்கு எழுத எந்த ஊராரும் துணிய மாட்டார். மத்திய அரசு தன்னைப் பற்றிய செய்திகளில் எது பொய் என்று தானே தீர்மானிக்கும் குழுவை அமைக்க முயன்றபோது, பம்பாய் உயர் நீதிமன்றம் 2024 செப்டம்பரில் அந்த விதித்திருத்தத்தைச் செல்லாதென்றது. தன் வழக்கில் தானே ஆப்தராக யாராலும் இருக்க முடியாது.

அரசின் குரலுக்கு இன்னொரு வரம்பும் உண்டு. 2018 ஜூன் 28 அன்று திரிபுராவில், பிள்ளை பிடிப்பவர்கள் என்ற வதந்தியை நம்பாதீர்கள் என்று ஒலிபெருக்கியில் அறிவிக்க அரசுத் துறை அமர்த்தி அனுப்பிய ஒருவரையே பிள்ளை பிடிப்பவர் என்று கூட்டம் கொன்றது. இதைப் படித்த அன்று எனக்கு வேறு வேலை ஓடவில்லை. அவர் சொன்னது முழு உண்மை. வாகனத்தில், ஒலிபெருக்கியோடு வந்தார். அந்த ஊருக்கு அவர் யாருமில்லை. நல்லெண்ணம் என்ற பாதி அவரிடம் இருந்தது. அது இருப்பதாக அறிந்துகொள்ள அவர்களுக்கு வழியில்லை. மெய்யியலாளர் சி. தி குயென், தம் குழுவுக்கு வெளியே உள்ள எவரையும் நம்பாதே என்று முன்கூட்டியே கற்பிக்கப்பட்ட வட்டங்களைப் பற்றி எழுதியிருக்கிறார். அங்கே மறுப்பு வந்து சேரும்போதே சந்தேகத்தை உறுதிசெய்யும் சான்றாக மாறிவிடுகிறது.

கடைசியாக, 2023 மார்ச். இம்முறை கதையின் திசை திரும்பியது. 2018இல் வடநாட்டவர் நம் பிள்ளைகளைத் தூக்குகிறார்கள் என்றது வதந்தி. இப்போது தமிழ்நாட்டில் பிகார்த் தொழிலாளர்களை வெட்டிக் கொல்கிறார்கள் என்று வட மாநிலங்களில் காணொளிகள் பரவின. வேறு காரணங்களுக்காக நடந்த சண்டைகளின் படங்கள். திருப்பூரிலும் கோவையிலும் இருந்த தொழிலாளர்களுக்கு ஊரிலிருந்து அழைப்பு மேல் அழைப்பு: உடனே கிளம்பி வா. விடுதியின் சன்னலைத் திறந்தால் தெரு எப்போதும் போல இருக்கிறது. நேற்றுவரை தேநீர் கொடுத்தவர் இன்றும் கொடுக்கிறார். ஆயிரத்தைந்நூறு கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் தாயோ, நீ இருக்கும் ஊரில் என்ன நடக்கிறது என்பதை நான் பார்த்துவிட்டேன் என்று அழுகிறாள். அளவையின் வரிசையில் முதலாவதாகிய காண்டலைக் கையில் வைத்திருந்தவர்களில் பலர் அதை விட்டுவிட்டு ரயிலேறினார்கள். அவர்களை நான் குறைசொல்லவில்லை. தாயின் அச்சத்துக்கு எதிராகத் தன் கண்ணை நிறுத்துவது எவருக்கும் எளிதன்று.

தமிழ்நாட்டுக் காவல்துறைத் தலைவர் அந்தக் காணொளிகள் பொய் என்று அறிவித்தார். இந்தி பேசத் தெரிந்தவர்களை வைத்து உதவி எண்கள் திறந்தார்கள். எனக்கு முக்கியமாகப் பட்டது, பிகார் அரசு அனுப்பிய அதிகாரிகள் குழு இங்கே வந்து தொழிலாளர்களை நேரில் கண்டு பேசியது. தமிழ்நாட்டின் மறுப்பில் நேரறிவு இருந்தது. பிகாரில் உள்ள தாய்க்கு அது அந்நியர் குரல். தங்கள் ஊர் ஆட்கள் போய்ப் பார்த்துவிட்டு வந்து சொன்னபோது பிரிந்திருந்த இரண்டும் ஓரளவு சேர்ந்தன.

தகவல் சரிபார்ப்புப் பணியில் இருக்கும் இளைஞர்கள் இங்கே இருப்பீர்கள். உங்கள் உழைப்பை நான் மதிக்கிறேன். கராச்சிப் படத்தின் மூலத்தைக் கண்டுபிடித்துப் போட்டவர்கள் உங்களைப் போன்றவர்களே. ஆனால் உங்கள் பக்கத்தைப் பார்ப்பவர்கள் ஏற்கெனவே ஐயம் கொண்டவர்கள். வதந்தி போய்ச் சேர்ந்த குழுவுக்குள் உங்களுக்கு நுழைவு இல்லை, அங்கே உங்களை யாருக்கும் தெரியாது. அங்கே போகக்கூடியவர் ஒருவர் இருக்கிறார்: முதலில் அதை அந்தக் குழுவில் போட்டவர். ஆகவே, அனுப்புகிறவர் புரோநோட்டில் கையெழுத்திட்டவரைப் போன்றவர் என்றால், அவர் கடமையில் இன்னொன்றையும் சேர்க்கிறேன். அனுப்பியது தவறென்று தெரிந்த பின் ஓசையில்லாமல் அழித்துவிட்டுப் போவது போதாது. எந்தெந்தக் குழுவுக்கு அது போனதோ அங்கெல்லாம் தன் பெயரில், தன் குரலில் சொல்ல வேண்டும்: "நான் போன வாரம் போட்ட வீடியோ கராச்சியில எடுத்த விழிப்புணர்வுப் படமாம், முழுசா தேடிப் பார்த்தேன், கடைசியில பையனைத் திருப்பி விட்டுடுறாங்க, முழுப் படத்தையும் கீழே போட்டிருக்கேன்." இதைக் குடும்பக் குழுவில் ஓர் அத்தை எழுதும்போது அவர் தானே பார்த்ததைச் சொல்கிறார், சொல்பவரையும் எல்லாரும் அறிவார்கள். வாத்ஸ்யாயனர் கேட்ட இரண்டும் அந்தச் செய்தியில் இருக்கின்றன. இப்படிப்பட்ட திருத்தங்கள் நம் குழுக்களில் எவ்வளவு வருகின்றன, வந்தால் எவ்வளவு தூரம் போகின்றன, எழுதியவரைக் குழு எப்படி நடத்துகிறது என்பதை இதழியல் துறையும் மெய்யியல் துறையும் சேர்ந்து ஆராய வேண்டும் என்பது என் வேண்டுகோள். அதற்கு முன்வரும் மாணவர்களோடு உட்கார்ந்து வேலை செய்ய நான் ஆயத்தமாக இருக்கிறேன்.